ஒன்பதாம் வகுப்பு உலகம்மை

தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் எவனாவது, அடுத்தவர் கார்டை நான் படித்ததே கிடையாது என்று சொன்னால் நம்பாதீர்கள். கை முத்திரை குத்திக்கொண்டே இருக்கும். கண் அதுபாட்டுக்குப் படித்துக்கொண்டு போகும். குற்றாலத்தில் அருவிக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆபீசில் பதினோரு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற காரியத்தில் தப்பு முழுக்க என்னுடையது.

என் பெயர் காந்திமதிநாதன். வீடு தென்காசியில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த நாளில் எனக்குப் பெரிய வாசகன் என்று நினைப்பு. தலையணை கனத்துக்கு இருக்கிற நாவல்களை மட்டும்தான் புத்தகம் என்று ஒத்துக்கொள்வேன். படக்கதை படிக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

சீசன் காலத்துக் கார்டுகளில் படிக்க ஒன்றும் இருக்காது. சுகமாக வந்து சேர்ந்தோம், சாரல் நன்றாக இருக்கிறது, தம்பி கையிலிருந்த பழத்தைக் குரங்கு பிடுங்கிவிட்டது, இவ்வளவுதான். 1976 ஜூலையில் ஒரு நாள் அந்தக் கார்டுகளுக்கு நடுவே ஒன்று வந்தது. மதுரையிலிருந்து வெளிவந்த ‘வால்நட்சத்திரம்’ என்ற பிள்ளைகள் மாதப் பத்திரிகைக்கு எழுதியது. இதழுக்கு ஒரு முழுநீளப் படக்கதை, கடைசியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தொடர்கதை என்று போடுவார்கள். கார்டில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து.

‘அன்புள்ள ஆசிரியருக்கு. போன மாதக் கதையில் துப்பறிகிறவர் ஆற்றில் குதித்து நீந்திக் கரையேறுகிறார். அடுத்த கட்டத்தில் அவர் சட்டை இஸ்திரி போட்டது போல் இருக்கிறது. தலை வகிடுகூடக் கலையவில்லை. நனைந்த துணி உடம்பில் எப்படி ஒட்டும், நனைந்தவர்கள் எப்படி நடப்பார்கள் என்று ஓவியருக்குத் தெரிய வேண்டுமானால், ஒரு நாள் குற்றாலம் வந்து என் பக்கத்தில் உட்காரட்டும். மற்றபடி கதை பரவாயில்லை. இப்படிக்கு, உலகம்மை.’

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் எழுதியவளே நிற்கிறாள்.

முப்பது வயசு இருக்கும். ஒல்லியான ஆள். சேலை முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஈரமாக இருக்கும். அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்றுகிற அறையில் அவளுக்கு வேலை. வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே தேங்கும் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். மறந்து விட்டுப்போன துணி, வளையல், மூக்குக்கண்ணாடியை எல்லாம் பத்திரப்படுத்தி, தேடி வருகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். சீசன் முடிந்துவிட்டால் பக்கத்து லாட்ஜில் அறை கூட்டப் போவாள்.

“என்ன அண்ணாச்சி, என் கார்டைப் படிச்சுச் சிரிக்கியளோ?” என்றாள்.

“இல்லம்மா, இது வேற” என்று மழுப்பினேன்.

“படிச்சா படியுங்க. மூடியா வச்சிருக்கு? ஒழுங்காப் போய்ச் சேந்தாச் சரி.”

அன்றிலிருந்து அவள் கார்டு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அவளுக்குப் புத்தகம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பஸ்ஸில் படித்துக்கொண்டு வருகிற புத்தகத்தைத் தாய்மார் பிடுங்கித் துணிப்பைக்குள் திணிப்பார்கள். குளித்துவிட்டு ஈரத்துணியைப் பிழிந்து அதே பைக்குள் போடுவார்கள். கிளம்புகிற நேரத்தில், சொதசொதவென்று ஊறிப்போனதை யார் தூக்கிக்கொண்டு போவது? உடை மாற்றும் அறையின் மூலையில் எறிந்துவிட்டுப் போவார்கள். துணியைத் தேடி வருவார்கள், ஒற்றை வளையலைத் தேடிக்கூடத் திரும்பி வருவார்கள். புத்தகத்தைத் தேடி ஒருத்தரும் வந்ததில்லை என்று உலகம்மை சொல்வாள்.

அவள் அதைப் பிரித்து, தாள் தாளாகக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவாள். சாரல் காலத்தில் கொடியில் போட்டது லேசில் காயுமா? இரண்டு நாளாகும். காய்ந்ததும் இடையிடையே பழைய பேப்பரை வைத்து, பாய்க்கு அடியில் போட்டு, அதன்மேல் படுத்து நிமிர்த்துவாள். பிறகு ஊசி நூலால் தைத்துப் படிப்பாள். ஒரே ஒரு குறை. தண்ணீர்பட்டால் முதலில் கிழிந்துபோவது வெளித்தாள்கள்தான். அதனால் அவள் படித்த கதைகள் எல்லாம் நடுவில் தொடங்கி முடிவதற்கு முன்னால் முடிந்துவிடும்.

“முதப் பக்கம் இல்லைன்னா பரவாயில்லை அண்ணாச்சி, போகப் போகப் புரிஞ்சிரும். கடைசிப் பக்கம் இல்லைன்னாத்தான் சோறே இறங்காது” என்பாள்.

ஒரு நாள் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். “இந்தச் சின்னப்பிள்ளைப் புத்தகத்துல அப்படி என்னதான் இருக்கு உலகம்மை?”

“நீங்க படிக்கிற தடிப் புத்தகத்துல என்ன இருக்கு?”

“வாழ்க்கை இருக்கு.”

“அது எங்கிட்டயே வேணுங்கிற மட்டும் கிடக்கே. அதைப் போய் எதுக்குப் புத்தகத்துல வேற படிக்கணும்?”

அவளிடம் கிடந்த வாழ்க்கை இதுதான். பிறந்தது மேலகரம். எட்டாம் வகுப்பு வரை படித்தாள், நன்றாகவே படித்தாள். ஒன்பதாம் வகுப்புக்குத் தென்காசிக்குப் போக வேண்டும். பெரிய பிள்ளையாகிவிட்டவளை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது வயதில் திருவேங்கடத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பருத்திக்காடும் வறண்ட காற்றும். ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று அவன் இன்னொருத்தியைக் கொண்டுவந்தான். இவள் பெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் இருக்கிற ஊருக்கே திரும்பிவிட்டாள். தாயார் மூக்கம்மாளும் இறந்த பிறகு ஒற்றைக்கட்டை. இதையெல்லாம் அவள் ஊர்க்கதை சொல்வது போலச் சொல்லி முடித்துவிடுவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. படக்கதையைப் பற்றிப் பேசினால்தான் முகத்தில் உயிர் வரும்.

அவளுடைய கார்டுகளில் சில எனக்கு இன்னும் மனப்பாடம்.

‘வீட்டை விட்டு ஓடிப்போன பெண் மூன்று நாள் ஊர் ஊராக அலைகிறாள். எங்கே குளித்தாள், எங்கே துணி மாற்றினாள் என்று தொடர்கதை எழுதுகிறவர் யோசிக்கவே இல்லை. பதினாலு வயசுப் பெண்ணுக்கு முதல் கவலை அதுதான். எழுதியவர் ஆண் என்று நினைக்கிறேன்.’

‘இந்த வருஷம் நான் படித்த ஏழு கதைகளில் ஐந்தில் பெண்பிள்ளையை நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறீர்கள். அவிழ்த்துவிட்டால் அவள் என்ன செய்வாள் என்று ஒரு கதை போடக் கூடாதா?’

‘யாரும் பேசாத பக்கம் இரண்டு இருந்தன. மழை மட்டும் பெய்கிறது. அந்த இரண்டையும் நாலு தடவை பார்த்தேன். அடுத்த பக்கத்தில் எல்லாரும் பேச ஆரம்பித்ததும் வருத்தமாகிவிட்டது.’

என் தடிப் புத்தகங்களைப் பற்றி நான் இப்படி ஒரு வரி யோசித்ததில்லை. பொறாமையாக இருந்தது என்பதே உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கதை அவளைப் பிடித்து ஆட்டியது. அதே 1976 சீசனில் கிடைத்த புத்தகம். கடலுக்கு நடுவே ஒரு பாறை, பாறைமேல் கலங்கரை விளக்கம். காவல்காரர் நோயில் விழுந்து இறந்துபோகிறார். பதிமூன்று வயசு மகள் தனியாக நாற்பது நாள் விளக்கை ஏற்றுகிறாள். கடைசியில் அவளைக் கூட்டிப்போக ஒரு படகு வருகிறது. அவள் விளக்கையும் படகையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அதோடு தாள் கிழிந்துபோயிருந்தது. நாலு பக்கம் இல்லை.

“போயிருப்பாளா அண்ணாச்சி?”

“போகாம? அங்கன தனியாக் கிடந்து என்ன செய்ய?”

“அப்பம் விளக்கு?”

இந்தக் கேள்வியை எட்டு வருஷம் கேட்டாள். பாதி நேரம் அவள் போயிருக்க மாட்டாள் என்று சாதிப்பாள். ஒவ்வொரு சீசனிலும் அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதி ஈரத்தில் ஊறி வந்து சேராதா என்று மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வரவில்லை.

இன்னொரு ஏக்கமும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டு வருஷமாக எழுதியும் அவள் கார்டு ஒன்றுகூட அச்சில் வரவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் சேக் மைதீன் புத்தகக் கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசகர் கடிதப் பக்கத்தை மட்டும் ஓசியில் புரட்டிப் பார்ப்பேன். மொத்தப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்திருக்கலாம். படக்கதைக்குச் செலவழிக்க மனசு வரவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான். அப்படி ஒரு நாள் புரட்டும்போதுதான் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். ‘மாணவ மாணவியர் மட்டும் எழுதவும். வகுப்பைக் குறிப்பிடாத கடிதங்கள் ஏற்கப்படா.’

மறு வாரம் அவள் கார்டைப் போட்டுவிட்டுப் போனாள். ‘இப்படிக்கு, உலகம்மை’ என்பதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. நான் பேனாவை எடுத்து, ‘9-ஆம் வகுப்பு, குற்றாலம்’ என்று எழுதினேன். ஏன் ஒன்பது? அவள் நின்ற இடத்துக்கு அடுத்த வகுப்பு அதுதானே. வேறு யோசனை இல்லாமல்தான் எழுதினேன். அடுத்தவர் கார்டில் தபால் ஆபீஸ்காரன் ஓர் எழுத்து சேர்த்தாலும் வேலை போய்விடும். தெரிந்தேதான் செய்தேன்.

1978 செப்டம்பர் இதழில் அந்தக் கடிதம் வந்தது, முழுக்க வந்தது. அந்த இதழை மட்டும் வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறை வாசலுக்கே போனேன்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன் பெயரை விரலால் தடவினாள். பிறகு விரல் பக்கத்திலிருந்த எண்ணில் போய் நின்றது.

“ஒம்பது எப்படி வந்துச்சு?”

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அண்ணாச்சி, ஒம்பதாங் கிளாசுல என்னெல்லாம் பாடம் உண்டு?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அல்ஜீப்ரா என்ற வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்டிலும் தன் பெயருக்குக் கீழே அரை அங்குலம் இடம் விட்டுக் கொண்டுவருவாள். நான் நிரப்புவேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. ஆறு வருஷத்தில் ஏழு கடிதம் அச்சில் வந்தது. ஆறு வருஷமும் அவள் ஒன்பதாம் வகுப்பிலேயே இருந்தாள்.

1984 ஜூனில் ‘செல்வி உலகம்மை’ என்று போட்டு ஒரு கவர் வந்தது. பத்திரிகைக்குப் பத்தாம் ஆண்டு. தென்மாவட்டத்துச் சிறந்த விமர்சகராக அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜூலையில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் வாசகப் பிள்ளைகள் கூட்டம். ஆசிரியரே வருகிறார். பரிசு, இதுவரை வெளிவந்த நூற்றுப் பதினேழு இதழ்களும்.

“அத்தனையுமா?” என்றாள். “நனையாததா?”

“புதுசு.”

“அப்பம் அந்த விளக்குக் கதையும் இருக்கும். நாலு பக்கமும் இருக்கும்.”

சந்தோஷத்தில் அவள் முகம் என்னமோ ஆகிவிட்டது. “நீ நேர்ல போய் நின்னா வயசு தெரிஞ்சிருமே உலகம்மை” என்றேன்.

“தெரியட்டும். எழுதினது நான்தான்னு சொல்லிருவேன். எனக்கும் ஒரு தடவை சொல்லணும்னு இருக்கு. பரிசு தரலைன்னா, அந்த ஒரு புத்தகத்தை மட்டும் அங்கனயே நின்னு பாத்துட்டுத் தந்திருதேன்னு கேப்பேன்.”

விழா அன்றைக்கு இரண்டு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்தாள். ஊதா நிறச் சேலை. கீழ்க்கரை உலர்ந்திருந்த அவளை நான் பார்த்தது அன்று மட்டும்தான். நானும் கூடப் போனேன். வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “ஐயா, எழுதினது நான்தான். ஐயா, அந்த உலகம்மை நான்தான்.”

ஹால் முழுக்கப் பிள்ளைகள். மேடையில் ஒரு மேஜை, மேஜைமேல் சணலில் கட்டிய நாலு கட்டுப் புத்தகம். ஆசிரியர் நல்ல மனுஷர், வழுக்கைத் தலை, சிரித்த முகம். “குற்றாலம் உலகம்மை!” என்று கூப்பிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாத் தலையும் திரும்பி ஒரு சின்னப் பெண்ணைத் தேடியது. உலகம்மை எழுந்து நடந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியரே முந்திக்கொண்டார். “அடடே, அம்மா வந்திருக்கீங்களா! பிள்ளையைக் கூட்டிட்டு வரலையா?”

அவள் கண் புத்தகக் கட்டுக்குப் போனது. பிறகு பிள்ளைகளைப் பார்த்தது. நூறு பிள்ளைகள், உலகம்மை எங்கே என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள்தான் என்று சொன்னால் அந்த முகங்கள் என்ன ஆகும்?

“பிள்ளைக்குக் காய்ச்சல்” என்றாள்.

“அச்சச்சோ. அவ எழுத்துக்கு நாங்க எல்லாரும் ரசிகர்கள். ஆனா ஏம்மா, வருஷக்கணக்கா ஒன்பதிலேயே நிக்கிறாளே, கணக்கு வரலையா?”

ஹாலே சிரித்தது. உலகம்மை சிரிக்கவில்லை. “இந்த வருசம் போயிருவா ஐயா. கெட்டிக்காரப் பிள்ளைதான்” என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் குரலில் ஒரு தாயின் ரோஷம் இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆசிரியர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். “உங்க பேரு சொல்லுங்கம்மா.”

அவள் திகைத்து நின்றாள். தன் பெயரைத்தான் மகளுக்குக் கொடுத்தாகிவிட்டதே. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“மூக்கம்மாள்” என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஆபீசுக்கு வந்தாள். கூட்டம் இல்லை.

“படிச்சியா?”

“படிச்சேன். போயிட்டா அண்ணாச்சி.”

“படகுலயா?”

“ஆமா. கடைசிப் பக்கத்துல பட்டணத்துப் பள்ளிக்கூடத்துல நிக்கா. ரெட்டைச் சடை போட்டு, புத்தகத்தை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு. நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். விளக்கை யாரு பாத்துக்கிடுவான்னு ஒரு வார்த்தை இல்லை.” கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எட்டு வருசமா அவ எங்கூடவே இருக்கான்னு நினைச்சேன். அவ அப்பமே போயி ஒம்பதாங் கிளாசுல சேந்துட்டா.”

அன்று அவள் கார்டு வாங்காமல் போய்விட்டாள்.

ஆகஸ்ட் இதழில் பெட்டி கட்டி ஒரு செய்தி போட்டார்கள். ‘காய்ச்சலால் விழாவுக்கு வர இயலாத நம் உலகம்மை விரைவில் நலம் பெற வாழ்த்துவோம்.’ நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து கார்டுகள் வர ஆரம்பித்தன. கீழப்பாவூரிலிருந்து ஒரு பெண், ‘உடம்பு தேறியதும் எங்கள் வீட்டுக்கு வா, நானும் ஒன்பதாம் வகுப்புதான்’ என்று எழுதியிருந்தாள். செங்கோட்டையிலிருந்து ஒரு பையன் இட்லியும் மருந்துப் பாட்டிலும் வரைந்திருந்தான். இன்னொருத்தி, ‘அக்கா, நீங்கள் எழுதிய பிறகுதான் நானும் மழைப் பக்கத்தை நாலு தடவை பார்த்தேன்’ என்று எழுதியிருந்தாள். மொத்தம் முப்பத்தாறு கார்டு. அதற்கு முன்னால் ஆயுசில் உலகம்மைக்கு யாரும் ஒரு கடிதம் போட்டதில்லை.

கட்டாக அவள் கையில் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தாள். உள்ளே பெண்கள் தண்ணீரைத் தள்ளச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவளுக்குக் காதில் விழவில்லை.

மூன்று நாள் கழித்து ஒரு கார்டை என்னிடம் நீட்டினாள். எப்போதும் விடுகிற அரை அங்குலம் அதில் இல்லை. அடிவரைக்கும் எழுதியிருந்தாள்.

‘அன்புள்ள ஆசிரியருக்கு. உலகம்மைக்குக் காய்ச்சல் இல்லை. எனக்கு மகள் இல்லை. பிள்ளையே இல்லை. இத்தனை வருஷமும் எழுதியது நான்தான். அன்று மேடையில் சொன்னது என் அம்மாவின் பெயர். புத்தகங்களைத் திருப்பிக் கேட்டால் அனுப்பிவிடுகிறேன். காய்ச்சல் விசாரித்த பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். கலங்கரை விளக்கக் கதையின் முடிவை இப்போதுதான் படித்தேன். அவள் போன பிறகு விளக்கை ஏற்றியது யார் என்று சொல்லியிருக்கலாம். இப்படிக்கு, உலகம்மை, வயது 39.’

“போட்டுருங்க அண்ணாச்சி” என்றாள். “பதில் வரும்லா?”

“வரும்” என்றேன்.

நான் அதைப் போடவில்லை.

ஆறு வருஷத்துக் கார்டுகள் மதுரையில் இருக்கும், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கும், எவனாவது தோண்டினால் என் வேலை போகும் என்று பயந்தேன். அவள் நன்மைக்குத்தான், பிள்ளைகளின் கார்டு நின்றுவிடக் கூடாதே என்றுதான், என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். முத்திரை குத்தாமல் சட்டைப் பைக்குள் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், என் தடிப் புத்தகம் ஒன்றுக்குள் சொருகினேன்.

அவள் தினமும் வந்தாள். “எனக்கு ஏதும் உண்டா?” இல்லை என்பேன். இரண்டு மாதம் வந்தாள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு தூரத்திலேயே நின்று கையால் கேட்பாள், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அதன் பிறகு அவள் பத்திரிகைக்கு எழுதவே இல்லை. அடுத்த வருஷம் நானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் போய்விட்டேன். கார்டும் என்னோடு வந்தது. அந்தத் தடிப் புத்தகத்தை அதற்குப் பிறகு நான் பிரிக்கவில்லை.

இந்த 1989 ஜூலையில், வீட்டில் எல்லாரும் அருவிக்குப் போக வேண்டும் என்றார்கள். நான் கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதே ஸ்டூலில்தான் இருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கீழ்க்கரை ஈரம். “அண்ணாச்சி! நல்லாருக்கியளா?” என்று எழுந்து நின்றாள். நான் கார்டை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். தன் எழுத்து என்று தெரிந்தது. திருப்பிப் பார்த்தாள். முத்திரை இல்லை.

“அப்பம், இது போகவே இல்லையா?”

“இல்லை. நான்தான்... பயந்துட்டேன். போடாம வச்சுக்கிட்டேன்.”

என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், காறித் துப்பினாலும் துப்பட்டும் என்று நின்றேன். அவள் இன்னொரு தடவை கார்டைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் மெல்லத் தெளிந்தது.

“அப்பம் அவுகளுக்கு எம்மேல கோவம் ஒண்ணும் இல்லைல்லா?”

இல்லை என்று தலையை அசைத்தேன்.

“அஞ்சு வருசமா, கோவத்துலதான் பதில் போடலைன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைகளும் கோவத்துலதான் கார்டை நிறுத்திட்டாகளோன்னு.”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

“பேனா இருக்கா?”

கொடுத்தேன். கார்டைத் தொடையில் வைத்து, 39 என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 44 என்று எழுதினாள். பேனாவோடு கார்டையும் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இப்பம் போட்டுருங்க.”

“பத்திரிகை நின்னு ரெண்டு வருசம் ஆச்சு உலகம்மை.”

“தெரியும். இப்பம் யாரும் அதை இங்கன விட்டுட்டுப் போறதில்லை.”

“அப்பம் எங்கனன்னு போய்ச் சேரும்?”

“அது உங்க டிப்பார்ட்மெண்ட் பாடு. நான் எழுதினதை நீங்க போடுங்க.”

தபால் பெட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் நடந்தேன். அவள் ஸ்டூலை விட்டு வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கார்டை உள்ளே போட்டேன். பிறகு அவளுக்குத் தெரியும்படி என் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினேன்.